சுமைகூலி

காற்றாடி நடத் தோதான மேடுதானா என்று
பார்த்து வர ஏறினேன்,
பணகுடிக்கு மேற்கே
மகேந்திரகிரி சரிந்து முடிகிற இடம்.
ஆவணிக் காற்று சட்டைக்குள் புகுந்து
முதுகில் குடிசை போட்டது.
இறங்கலாமென்று திரும்பினால் வழி இல்லை.
ஏறி வந்த தடம்
உடைமுள்ளுக்குள் போனது,
வெளியே வரவில்லை.

ஒரு பாறை அசைந்தது.
அசைந்த பிறகுதான் ஆடு.
கன்னி ஆடு. மையிருட்டு உடம்பு,
கொம்படியிலிருந்து மூக்குவரை
இரண்டு வெள்ளைக் கோடு.
அதன் பின்னால் இன்னொரு பாறை. இன்னொன்று.
சரிவு முழுக்க எழுந்து நடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே
தொரட்டியைத் தோளுக்குக் குறுக்கே போட்டு
இரண்டு கையையும் அதில் தொங்கவிட்டபடி
அவள்.
என் வயதுதான் இருக்கும்.
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
காலில் டயர்ச் செருப்பு.
'காத்தாடிக்காரரா?'
ஆமாம் என்றேன். இன்ஜினியர் என்றும் சேர்த்துக்கொண்டேன்.
'அப்ப வழி தெரிஞ்சிருக்கணுமே.'

பேச்சுக்காக, எத்தனை ஆடு என்று கேட்டேன்.
'ஒமக்கு எத்தன பல்லு?'
நாக்கு தானாக உள்ளே தேடியது.
'எண்ணுனதில்லல்லா?
ஒண்ணு போச்சுன்னா மட்டும் தெரியும். அப்பிடித்தான்.'

அந்நேரம் மலைக்கு அந்தப் பக்கம்
ராக்கெட் இன்ஜின் ஒன்றைக் கட்டிப்போட்டு
எரித்துப் பார்த்தார்கள் போல.
பாறை உறுமியது,
என் முழங்கால்வரை வந்தது.
ஒரு ஆடுகூடத் தழையிலிருந்து வாயை எடுக்கவில்லை.
'அப்பப்ப இருமும்' என்றாள்,
பக்கத்து வீட்டுச் சீக்காளியைச் சொல்வதுபோல.

பிறகு குனிந்து
கால் பிசகிய ஒரு குட்டியைத் தூக்கினாள்.
'கை சும்மாதான இருக்கு. பிடியும்.'
பிடித்தேன்.
எண்பது மீட்டர் உயரத்தில்
இறக்கையடியில் நின்று வேலை பார்க்கிறவன் நான்.
இப்படித் துடித்த எதையும்
அங்கே கையில் வைத்திருந்ததில்லை.

திரும்பிப் பாராமல் முன்னே போனாள்.
இரண்டு முறை சறுக்கினேன்.
இரண்டு முறையும் ஒரே சொல்:
'குட்டியப் பாத்து.'
வனத்துறைக் கல்லைத் தாண்டும்போது மட்டும்
கம்பால் அதை ஒரு தட்டுத் தட்டி,
'போன மாசம் இங்கன நின்னு
ஒரு ஆபிசரு கிடா கேட்டாரு.
ரசீது குடும்னேன். போயிட்டாரு.'

தார்ச்சாலை. என் பைக்.
குட்டியைக் கொடுத்துவிட்டு
வழிகாட்டியதற்கு நூறு ரூபாய் நீட்டினேன்.
அவள் பார்த்த பார்வையில்
அந்த நோட்டு ஆடுதொடா இலையாயிற்று.
மடக்கிப் பைக்குள் வைக்க
எனக்கு நெடுநேரம் பிடித்தது.

அவளோ சட்டைப் பையில் விரல் விட்டு
எட்டாக மடித்த பத்து ரூபாயை எடுத்தாள்.
'சுமைகூலி.'
ஐயோ வேண்டாம், சும்மாதானே தூக்கி வந்தேன்…
'எங்க ஆட்ட எவரும் சும்மா சுமந்ததில்ல.
வாங்கும்.'
வாங்கினேன். இரண்டு கையால் வாங்கினேன்,
ஏனென்று தெரியவில்லை.
பேர் கேட்டேன். பேராச்சி என்றாள்.
என் பேரை அவள் கேட்கவில்லை.
ஆடுகள் சாலையைக் கடக்கும்வரை
நாகர்கோவில் பஸ் ஒன்று
ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டுக்
காத்து நின்றது.

பணகுடியில் டீ பன்னிரண்டு ரூபாய்.
அந்தப் பத்தோடு
என் காசு இரண்டைச் சேர்த்து வைத்தேன்.
கடைக்காரர் நோட்டைப் பிரித்தார்,
ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு,
பாதியில் நிறுத்தி மூக்கருகே கொண்டுபோனார்.
'பேராச்சி கூலியா?'
தலையாட்டினேன்.
'பத்தா குடுத்தா!'
கல்லாவை ஓங்கிச் சாத்தினார்.
'எனக்கு அஞ்சுதான்வே குடுத்தா.'